ஒரு முழம் அரக்குக் கரைப் பட்டு

ஒரு சாமிக்கென்று எடுத்து வைத்த துணியை இன்னொரு சாமிக்குக் கொடுத்தால் அது குற்றமா? ஒன்பதாம் வகுப்பில் எனக்கு வந்த கேள்வி இது. இப்போது என் மகள், நான் படித்த அதே கான்வென்டில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

என் பிறந்த வீடு சின்ன காஞ்சிபுரத்தில். இரண்டு தறிகள். ஆடிப் பெருக்கன்று தறியில் பூட்டும் புதுப் பாவு நூலில், முதல் ஒரு முழத்தை நெய்து அறுத்து, மஞ்சள் வைத்துப் பெட்டியில் போட்டுவிடுவார் அப்பா. நவராத்திரியில் அதைத் தெரு முனை அம்மனுக்குச் சாத்துவோம். எல்லா நெசவு வீடுகளிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் செய்தார்கள்.

பள்ளியில் காலை மணி அடித்ததும் முற்றத்தில் வரிசையாக நிற்போம். கத்தோலிக்கப் பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் கை கட்டி நின்றால் போதும். ஆனால் தினமும் பார்த்துப் பார்த்து என் கை தானாக நெற்றிவரை போய்விடும். பாதியில் நினைவு வந்து, முடியை ஒதுக்குவதுபோல் இறக்கிக்கொள்வேன். யாராவது பார்த்தார்களோ என்று அன்று முழுக்கக் கவலையாக இருக்கும். மூன்றாவது பீரியடில் அவர்களுக்கு ஞானோபதேசம், எங்களுக்கு நீதிபோதனை. "ரெண்டுலயும் ஒரே கதைதான்டி. உங்களுக்கு மட்டும் பரீட்சை இல்ல" என்பாள் என் சிநேகிதி. அவள் போர்டிங் பெண். கூரம் பக்கத்தில் ஒரு கிராமத்து மாதா கோயிலில் அவள் அப்பா உபதேசியார்.

மாதாவின் பிறந்த நாளுக்கு, வராந்தா மாடத்தில் இருக்கும் மாதா சிலைக்குப் புதுத் துணி உடுத்துவது ஒன்பதாம் வகுப்புத் தையல் பெண்களின் வேலை. அந்த வருஷம் யாரோ கொடுத்திருந்த நீல நைலக்ஸ் துண்டுதான் இருந்தது.

"பட்டு ஊர்ல இருந்துக்கினு எங்க மாதாவுக்கு நைலக்ஸா?" என்றாள் சிநேகிதி. "உங்க வீட்ல ரெண்டு தறி ஓடுது. ஒரு துண்டு கூடவா கெடைக்காது?"

"கெடைக்கும். சாமிக்குன்னு ஒண்ணு வச்சிருக்குது."

"இவங்க மட்டும் யாராம்? பக்கத்து வீட்டு ஆத்தாவா?"

சிரித்துவிட்டேன். அவள் சொன்னது சரிதானே என்றும் தோன்றியது. மறுநாள் பெட்டியிலிருந்து அதை எடுத்துப் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டார்கள் என்று தெரிந்துதான் கேட்காமல் இருந்தேனா, கேட்க வேண்டிய விஷயமென்றே தோன்றவில்லையா, இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை.

தையல் சிஸ்டர் துணியைத் தொட்டுப் பார்த்து, "வீட்டில் கொடுத்தார்களா?" என்றார். தலையாட்டினேன். மாம்பழ மஞ்சளில் அகல அரக்குக் கரை. கரை முன்னால் வரும்படி கொசுவம் வைத்து உடுத்தினோம். சிநேகிதி நாற்காலியிலிருந்து இறங்கி, தள்ளி நின்று பார்த்தாள்.

"அடியே, எங்க மாதா மாரியாத்தா மாதிரி ஆயிட்டாங்க."

அந்த வெள்ளிக்கிழமை, கற்பூரம் எடுக்கப் பெட்டியைத் திறந்த அம்மா துணி இல்லாததைப் பார்த்துவிட்டாள். அடுக்களைக்குள் இழுத்துக் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தாள். அதற்கு முன் அவள் அந்த கேட்டுக்குள் வந்ததே இல்லை. செருப்பை கேட் அருகிலேயே விட்டுவிட்டாள்.

சிஸ்டருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "தெரியாமல் வாங்கிவிட்டேன் அம்மா. இப்போதே கழற்றித் தந்துவிடுகிறேன்" என்று நாற்காலியை இழுத்தார்.

அம்மா சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வேணாங்க" என்றாள். "சாத்தினது இருக்கட்டும். ஒருத்தங்க மேலேந்து உருவி இன்னொருத்தங்களுக்குப் போடக் கூடாது."

வெளியே வந்ததும், "உங்கப்பாகிட்ட எலி கடிச்சிடுச்சின்னு சொல்றேன். நீ வாயத் தொறக்காத" என்றாள். எனக்குத் தெரிந்து அம்மா அப்பாவிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். அந்த நவராத்திரிக்கு எங்கள் அம்மனுக்குக் கடையில் வாங்கிய பாவாடைதான் கட்டினார்கள்.

நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பு, காலமில்லாத காலத்தில், என் தம்பிக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். என்னையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. அம்மை தொற்றிப் பரவும் நோய் என்று சுகாதாரப் பாடத்தில் படித்து மார்க் வாங்கியவள் நான். எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஏற்கெனவே வந்திருந்ததும் தெரியும். இருந்தும் தம்பி முனகும்போதெல்லாம் எனக்கு அந்த அரக்குக் கரைதான் கண்ணில் வந்தது. அம்மா திட்டியிருந்தால் நான் எதிர்த்தாவது பேசியிருப்பேன்.

தம்பிக்கு அம்மை இறங்கி, மூன்றாவது தண்ணீர் ஊற்றிய பிறகு நான் பள்ளிக்குக் கிளம்பினேன். அம்மா வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தைக் கொடுத்தாள்.

"உன் சிநேகிதி கையில குடுத்து அங்க வைக்கச் சொல்லு."

"யாருக்கும்மா?"

"இன்னா கேள்வி இது? அந்தத் துணி யாரு மேல இருக்குதோ அவங்களுக்கு."

சிநேகிதி வைத்தாள். பூ வாடி உதிரும்வரை சிஸ்டர் அதை எடுக்கவில்லை.

துணியோடு எங்கள் அம்மனும் அங்கே போய்விட்டதாக அம்மா நினைத்தாளா? தம்பியைக் காப்பாற்றியது மாதா என்று நினைத்தாளா? இல்லை, இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினாளா? அன்று சிஸ்டர் கழற்ற வந்தபோது வேண்டாம் என்றது பக்தியிலா, வெள்ளை அங்கிக்கு எதிரே பேசக் கூச்சப்பட்டா? கேட்க அம்மா இப்போது இல்லை. என் கல்யாணத்துக்கு மறு வருஷமே போய்விட்டாள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. புகுந்த வீடும் நெசவு வீடுதான். இங்கேயும் அதே வழக்கம். பெட்டிச் சாவி மாமியார் இடுப்பில் இருக்கிறது. போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து ஓடி வந்தாள்.

"மாதாவுக்கு பர்த்டே வருதும்மா. சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், எங்க வீட்ல சாமி துணி இருக்குது, கொண்டாரேன்னு."

"யாரைக் கேட்டுடி சொன்ன?"

"நீதான சொன்ன, எல்லா சாமியும் ஒண்ணுன்னு."

சொன்னேன்தான். அவள் தூங்க அடம்பிடித்த ஒரு மத்தியானம் ஏதோ சொல்லி வைத்தேன். கணவரிடம் கேட்டேன். "அம்மாவைக் கேளு" என்று தறிக் குழிக்குள் இறங்கிவிட்டார். கடைத் துணி வாங்கித் தரலாம் என்றால், "அது சாமி துணி இல்ல, சிஸ்டர்கிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடும்" என்கிறாள் குழந்தை. மாமியாரிடம் கேட்டு அவர் மறுத்தால், எல்லா சாமியும் ஒன்று இல்லை என்று நானே மகளுக்குச் சொன்னதாக ஆகும். அவர் சரியென்று கொடுத்து, பிறகு குழந்தைக்கு ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். படித்தவள் இப்படி எழுதுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மாதா பிறந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி நான் மாமியாரைக் கேட்கலாமா, கூடாதா? கேட்பதென்றால், என் அம்மாவின் கதையையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டுமா? இதைப் படிக்கும் தாய்மார்களில் யாராவது இப்படி நடுவில் நின்றிருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.