ஷார்ஜாவில் நான் மாட்டிய ஜப்பான் பேய்கள்

கண்காட்சிகளில் படம் மாட்டுவது என் தொழில். கோணலாக மாட்டினால்தான் யாருக்கும் எங்கள் நினைவு வரும். அடுத்தவர் பொருளைப் பதறிப் பதறிச் சுமக்கும் வளைகுடா அன்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

பெட்டிக்குள் இருந்தவள்

ஷார்ஜா காட்சிக்கூடம் ஒன்றுக்கு ஜப்பானிலிருந்து பழைய மர அச்சுப் படங்கள் வந்தன. பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தவை. எல்லாமே பேய்கள். பெட்டியைத் திறந்தபோது கூட நின்றவர் காவலாளி செல்லத்துரை. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், ஷார்ஜாவின் ரோலா பகுதியில் என்னோடு ஒரே ரூமில் இருப்பவர். முதல் படத்தில் வெள்ளைத் துணியும் விரித்த கூந்தலுமாக ஒருத்தி. இடுப்புக்குக் கீழே புகையாகக் கரைந்திருந்தாள். செல்லத்துரை பின்வாங்கிப் போய் நின்று சொன்னார்: "நம்மூருப் பேய் மாதிரியே இதுக்கும் காலு கிடையாதுண்ணே."

விளக்குச் சண்டை

அந்தச் சாயங்கள் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அதனால் விளக்கைக் குறைத்தே வைக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த அரையிருட்டில்தான் செல்லத்துரைக்கு டூட்டி. ஆள் வராத நேரத்தில் அவரும் பேய்களும் மட்டும். அவர் விளக்கைக் கூட்டுவார், நான் போய்க் குறைப்பேன். அவர் வேறு டூட்டி கேட்டதற்கு, பிடிக்காவிட்டால் ஊருக்குப் போகலாம் என்றுவிட்டார் சூப்பர்வைசர். செல்லத்துரை தன் மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்த நேரம் அது.

படத்தில் இருந்த அந்தக் காலில்லாதவளுக்கு முதுகைக் காட்டியபடிதான் அவர் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நாற்காலியை அவளைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சில நாள் கழித்துச் சொன்னார்: "பாத்துக்கிட்டே இருந்தா பயமில்லண்ணே. பாவமாத்தான் இருக்கு."

கடைசி நாள்

படங்களைக் கழற்றப் போயிருந்தேன். கூட்டம் இன்னும் கலையவில்லை. வசதியான தமிழ்க்காரம்மா ஒருவர் ஃப்ளாஷ் போட்டுப் படமெடுக்கப் போனை நீட்டினார். நான் எட்டுவதற்குள் செல்லத்துரை நடுவில் போய் நின்றுவிட்டார். மேனேஜரைத் தெரியும், புகார் சொல்வேன் என்று அந்தம்மா அதட்டினார். புகார் போனால் வேலை போகும். செல்லத்துரை நகரவே இல்லை. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஃப்ளாஷ் வேண்டாம் மேடம். அந்தப் பொண்ணுக்கு வெளிச்சம் ஆகாது."

அந்தம்மா போனை உள்ளே வைத்துவிட்டார், வேலையும் தப்பியது. ஆனால் பேய்க்காக இருட்டைக் காவல் காத்த அந்த மனிதர் எங்கள் ரூமில் மட்டும் இன்றைக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார்.