பயாஸுக்குப் போட்ட வேலி

கம்ப்யூட்டரை ஆளும் அடிப்படை மென்பொருளான கெர்னலை எழுதுகிற வேலையை ஒழுங்காகச் செய்தால் நம்மை யாருக்கும் தெரியாது. தப்பு விட்டாலோ திட்டு வாங்குவது எங்கேயோ இருக்கிற வேறொரு ஆள். கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற உங்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? நானும் தோழி செண்பகாவும் தென்காசியில் ஒரு சின்னக் கம்பெனியில், லாரியைச் சரக்கோடு நிறுக்கும் எடை மேடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம்.

அண்ணாச்சியின் பேர்

அச்சன்புதூர் பக்கம் கணபதி அண்ணாச்சி, எங்கள் மென்பொருள் ஓடுகிற எடை மேடை ஒன்று வைத்திருக்கிறார். அறுப்பு நேரத்தில் இசக்கி என்ற விவசாயி, இங்கே போட்ட நெல் எடை மில் எடையைவிடக் குறைகிறது என்று எல்லார் முன்னாலும் அவரைக் களவாணி என்று சொல்லிவிட்டார். என்னவென்று பார்க்க நாங்கள் போனபோது மேடை காலியாகக் கிடந்தது. மேடையை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை.

கத்துவார் என்று பயந்தேன். அவர் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மூடிட்டுப் போயிருவேன் யம்மா. மூடினா அவன் சொன்னது நெசம்னு ஆயிரும்லா?"

பழைய சாவி

கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் கண் விழிப்பது, எந்திரத்தோடேயே வருகிற பயாஸ் என்ற சின்ன மென்பொருள். பிறகு கெர்னல் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும். அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் அரதப் பழசு, அதில் ஓடும் எங்கள் மென்பொருளைத் தோண்டியபோதுதான் கோளாறு பிடிபட்டது. தூங்கிப்போன திரையை எழுப்பும் வித்தை அதில் பயாஸுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் கெர்னலுக்குள்ளிருந்தே பயாஸைக் கூப்பிடும்படி எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதியிருந்தார்கள். காவல் ஒன்றும் கிடையாது.

பயாஸோ, மொத்த எந்திரமும் இன்னும் தன்னுடையது என்ற நினைப்பில், நினைவகத்தில் தன் பழைய மூலையில் எதையோ எழுதிவிட்டுப் போனது. அந்த மூலையைக் கெர்னல் எடைக் கணக்குக்குக் கொடுத்திருந்தது. ஆக, திரை தூங்கி எழுந்ததும் ஏறுகிற முதல் லாரிக்கு எடை தப்பும். எங்கள் மேசையில் நாங்கள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருப்போம், திரை தூங்கினதே இல்லை. சோதனையில் இது சிக்காமல் போனது அப்படித்தான். ஒரு மனுஷன் பேர் இதனால் கெட்டதே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. பயாஸை வாய்க்கு வந்தபடி வைதேன்.

செண்பகா சொன்னாள்: "அதை ஏன்ட்டி வையுதே? வீட்டை வாங்குன நாமதான பழைய ஆள்ட்டருந்து சாவியை வாங்கலை."

ஆர்ச்சுக்கு மேலே தண்ணீர்

வேலி போட்டோம். அதாவது, பயாஸை நேராக ஓடவிடாமல், ஒரு பொய் எந்திரத்தைக் காட்டி அதற்குள் ஓட்டினோம். நினைவகம் என்று அது எழுதுவதெல்லாம் நகலில். திரையை மட்டும் நிஜமாகத் தொடலாம். வேறெதைத் தொட்டாலும் தடுத்துவிடுவோம். எடை பத்திரம். ஆனால் திரை எழவே இல்லை.

தலைச்சூடு ஆறக் குற்றாலம் போனோம். அருவிக்கரை ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, ஆபத்து என்று போலீஸ் யாரையும் குளிக்க விடவில்லை. ஈரக்காற்றில் நின்று யோசித்தபோதுதான் உறைத்தது. திரை எழும்வரை காத்திருக்க, பயாஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கடிகாரத்தையும் நாங்கள் தடுத்திருந்தோம். எப்போது பார்த்தாலும் ஒரே நேரம், அது பாவம் காத்துக்கொண்டே கிடந்தது.

செண்பகா தலையில் அடித்துக்கொண்டாள்: "மணி பாக்கவாவது விடுட்டி, அது என்ன களவா பண்ணப்போகுது?"

மறுபடியும் ஏறிய லாரி

கடிகாரத்தைப் பார்க்க விட்டதும் திரை எழுந்தது, எடையும் தப்பாமல் நின்றது. அண்ணாச்சி இசக்கியை வரச்சொன்னார். அக்கம்பக்கத்து ஆட்களும் கூடிவிட்டார்கள். அன்று வந்த அதே லாரியில் மறுபடி நெல் ஏற்றி எடை போட்டோம். திரையைத் தூங்கவிட்டு எழுப்பி மறுபடி போட்டோம். ஒரு கிலோகூடப் பிசகவில்லை. கோளாறு மென்பொருளில்தான் இருந்தது, அண்ணாச்சி மேல் இல்லை என்று எல்லாருக்கும் விளக்கினேன். பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது.

இசக்கி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பம் அன்னைக்கு எனக்குக் குறைஞ்சது நெசந்தான, அண்ணாச்சி?" என்று கேட்டார். அண்ணாச்சியின் கெட்ட பேரைப் போக்குவதிலேயே குறியாக இருந்த நான், அவருடைய நெல்லை நினைத்தே பார்க்கவில்லை.

அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்: "நெசந்தான்டே. நீ சொன்ன எடையும் சரி, நான் களவாணி இல்லைங்கதும் சரி."

நம்பாமலே ஒரு பழைய மென்பொருளிடம் வேலை வாங்குவதுதான் எங்கள் பிழைப்பு. ஆனால் அந்த வித்தையை மனுஷரிடம் காட்டமுடியாது, அவர்களை நம்பித்தான் ஆகவேண்டும் என்பதைச் சொல்லித்தர எந்தக் கெர்னல் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.