நம்மது இல்லை என்றே பிரிகேடியர் ஆனவர்

'விழுந்தது நம்ம குண்டுதான்' என்று பெவரெல் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாக ஆமோஸ் டக்வெல் நெஞ்சில் கிடந்த முள் அது. அதைச் சொல்லாமலே அந்த மனுஷன் பிரிகேடியர் வரை ஏறிவிட்டார்.

முதல் உலக யுத்தத்தில் லயனல் பெவரெல் பீரங்கிப் படையில் கேப்டன். குதிரைகளின் பெயரெல்லாம் தெரியும், சிப்பாய்களின் பெயர் தெரியாது. ஆமோஸ் அவருடைய தொலைபேசிக்காரன். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் போர்முனைச் சேற்றில் ஒரு விடியற்காலை, முன்னால் அகழியில் இருந்த காலாட்படை தொலைபேசியில் அலறியது. ஆமோஸின் அண்ணன் ஜெஸ்ஸியும் அந்த அகழியில்தான் இருந்தான்.

"சார், நம்ம குண்டு நம்ம ஆளுங்க மேலேயே விழுதாம்."

"நம்மது இல்ல. ஜெர்மன்காரனோடதுன்னு சொல்லு."

"மறுபடி கூப்பிடுறாங்க சார். தூரத்தைக் கூட்டச் சொல்லிக் கெஞ்சுறாங்க."

"எந்தப் பக்கத்துக் குண்டுன்னு சேத்துக்குள்ள கிடக்கிறவனுக்கு என்னய்யா தெரியும்? சுடச் சொல்லு!"

அதற்கப்புறம் அகழியிலிருந்து அழைப்பே வரவில்லை. ஜெஸ்ஸியைப் பொறுக்கியெடுத்துத்தான் புதைத்தார்கள்.

பீரங்கிக்காரர்கள் எல்லாருமே சொல்கிற பொய்தான் இது. தூரம் போதாமல் சொந்த ஆட்கள் மேல் விழுந்த குண்டு எப்போதும் எதிரியுடையது. மற்றவர்கள் பிறகு ஒருநாள் குடித்துவிட்டு ஒப்புக்கொண்டு அழுவார்கள். பெவரெல் அந்தப் பொய்யை ஏணியாக்கிக்கொண்டார். அந்த விடியலுக்கே அவருக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. சண்டை இல்லாத காலத்தில் இந்தியாவில் போலோ ஆடியே மேஜரானார். அடுத்த உலக யுத்தத்தில், பிரான்சிலிருந்து பின்வாங்கும்போது டன்கர்க் கரையில் பீரங்கிகளை விட்டுவிட்டுக் கப்பலேறினார். மடக்குக் குளியல் தொட்டியை மட்டும் விடவில்லை. இத்தாலியில் அவருடைய குண்டு சொந்தப் படையின் டாங்கிகள் மேலேயே விழுந்தது. அதற்கும் "நம்மது இல்லை" என்றார். பிரிகேடியர் ஆக்கினார்கள்.

ஓய்வு பெற்று, இங்கிலாந்தின் வில்ட்ஷரில் இருந்த சொந்த ஊருக்கே திரும்பி வந்தார்; ஆமோஸுக்கும் அதே ஊர். நவம்பர்தோறும் ஊரின் போர் நினைவுக்கல்லில் மலர்வளையம் வைத்து, ஜெஸ்ஸியின் பெயரையும் சேர்த்து, "எதிரியின் குண்டுக்குப் பலியானோர்" என்று வாசிப்பார். வண்டியில் வீடுவீடாக நிலக்கரி கொண்டுபோய்ப் போட்டுப் பிழைத்த ஆமோஸ் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நிற்பான்.

"டேய் ஆமோஸ், உங்க பிரிகேடியர் குசு விட்டாக்கூட ஜெர்மன்காரன் விட்டதுன்னுதான்டா சொல்லுவாரு!" என்று பீர்க்கடையில் நார்மன் பூல் கத்துவான். கடையே சிரிக்கும். ஆமோஸ் சிரிக்கமாட்டான்.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார் பெவரெல். படைத்தலைவனின் சவப்பெட்டியை அவன் பீரங்கி அணியின் ஆட்களே தூக்குவது வழக்கம். அவர் முன்கூட்டியே ஆள் கேட்டனுப்பிய இடத்திலெல்லாம் ஒருவனுக்கு இடுப்பு வலி, ஒருவனுக்கு ஊரில் வேலை. ஆள் குறைந்ததும் ஆமோஸுக்குச் சொல்லியனுப்பினார்.

"தூக்குறேன் சார். ஆனா அந்த விடியக்காலையில விழுந்தது யாரோட குண்டு? அதை மட்டும் சொல்லுங்க."

"பீரங்கிக் குழல் தேஞ்சு போயிருந்துச்சு, டக்வெல். குண்டு தூரம் போகல."

"யாரோட பீரங்கி?"

கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இருமினார். "நம்மதுதான்" என்றார்.

ஆமோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவருகே போனான். பின்னாலிருந்து குரல் வந்தது.

"டக்வெல், ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதேய்யா."