துண்டு கட்டியிருந்ததா? ராயப்பேட்டைக்குப் போய்வந்த கதை

1934 ஐப்பசியில் நான் ஆம்பூரிலிருந்து சென்னைப்பட்டணம் போனது ஊர் பார்க்க அல்ல. ராயப்பேட்டையில் இறைச்சியை அரைத்துத் தகர டப்பாவில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் என் அண்ணன் காதர் வேலை செய்தார். இயந்திரத்தைக் கழுவும்போது வலது கையில் நான்கு விரல் போய்விட்டது என்று தந்தி வந்தது. இப்படி அவசரமாகப் போக நேர்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சென்ட்ரலில் இறங்கியதும் ஜட்கா வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு எட்டணா கேட்பார்கள். டிராமில் ஓரணாதான். மழை நாளில் ஓரத்தில் மட்டும் உட்காராதீர்கள், முழுக்க நனைந்துவிடுவீர்கள். அண்ணனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் மாலை நான்கு மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள்.

நடந்ததை அண்ணன் சொன்னார். அங்கே எல்லா இயந்திரமும் ஒரே எஞ்சினில் ஓடுகின்றன. ஒன்றைக் கழுவ வேண்டுமென்றால் எஞ்சினிலிருந்து அதை ஓட்டும் தோல் பட்டையை மட்டும் கைப்பிடியால் ஒதுக்கிவிட்டு, அந்தக் கைப்பிடியில் தங்கள் துண்டைக் கட்டுவார்கள். துண்டு இருக்கும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. ஆனால் கை துடைக்கக் கந்தல்கூடக் கம்பெனி கொடுப்பதில்லை. கொழுப்பு வழுக்கியதால் அண்ணன் துண்டை அவிழ்த்துத் துடைத்துக்கொண்டு, திரும்பக் கட்டாமலே கையை உள்ளே விட்டிருக்கிறார். துண்டைக் காணாததால், கழுவி முடிந்ததென்று நினைத்து, கூட வேலை செய்த ஏகாம்பரம் இயந்திரத்தை ஓட்டக் கைப்பிடியை இழுத்துவிட்டார். இருவரும் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கூட்டாளிகள்.

மானேஜர் காலையிலேயே வந்து விசாரித்தாராம். கம்பெனி விதிப்படி துண்டு கட்டியிருந்தால் இழுத்தவனுக்கு வேலை போகும், கட்டாவிட்டால் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு கிடையாது.

"கட்டலைன்னு உள்ளதைச் சொல்லிட்டேன் தம்பி. அவன் புள்ளகுட்டிக்காரன்," என்றார் அண்ணன். அவருக்கு மட்டும் பிள்ளைகள் இல்லையா?

மறுநாள் காலை கம்பெனிக்கு நடந்தே போனேன். மானேஜர் அறையிலிருந்து ஏகாம்பரம் அப்போதுதான் வெளியே வந்தார். நான் யாரென்று சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"துண்டு கட்டித்தான் இருந்துச்சி, நான்தான் பாக்காம இஸ்துட்டேன்னு சொல்லிட்டேன் நைனா. காதருக்கு எதுனா குடுப்பாங்கல்ல?"

நான் உள்ளே போய்க் கேட்டேன். மானேஜர் இரண்டு பேச்சையும் ஏற்றுக்கொண்டிருந்தார். அண்ணனைக் கேட்டபோது இல்லாத துண்டு, ஏகாம்பரத்தைக் கேட்டபோது இருந்தது. ஒருவருக்கு நஷ்டஈடு இல்லை, மற்றவருக்கு வேலை இல்லை. கழுவும்போது எஞ்சினை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். நிறுத்தினால் மறுபடி கிளப்ப வெகுநேரம் ஆகும் என்று கூச்சமில்லாமல் சொன்னார்.

மாலையில் ஏகாம்பரத்தை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தாங்கள் சொன்னதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு அண்ணன் கட்டிலில் நகர்ந்து ஏகாம்பரத்துக்கு இடம் விட்டார்.

உங்களுக்கும் இப்படிப் போக நேர்ந்தால் முதல் வண்டியைப் பிடியுங்கள். கம்பெனி ஆள் வருமுன் அடிபட்டவரையும் கூட வேலை செய்தவரையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். யார் தவறு என்று அவர்கள் வாயே திறக்க வேண்டாம். கை உள்ளே இருந்தபோது எஞ்சின் ஏன் ஓடிக்கொண்டிருந்தது என்று மட்டும் இருவரும் கேட்கட்டும்.