ஒருவரும் விழாத இல்லம்

1. பூஜ்யம்

அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றதும், அடையாறில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் குவாலிட்டி கோ-ஆர்டினேட்டராகச் சேர்ந்தேன். பராமரிப்பு எப்படி இருக்கிறது என்று அளந்து, குறை இருந்தால் சரிசெய்வது என் வேலை. முதல் நாளே மேனேஜர் என்னை வரவேற்பறைப் பலகை முன் கொண்டுபோய் நிறுத்தினார். ‘இந்த மாதம் கீழே விழுந்தவர்கள்: பூஜ்யம்.’

“எப்பவும் இதே பூஜ்யம்தான் சிஸ்டர். வேற எந்த ஹோம்லயாவது காட்டுங்க பாக்கலாம்!”

எனக்குச் சுருக்கென்றது. வயதானவர்கள் நடமாடும் இடத்தில் எப்போதாவது யாராவது தடுமாறத்தான் செய்வார்கள். ஒருவர்கூட விழவில்லை என்றால் ஒன்று மறைக்கிறார்கள், இல்லை நடக்கவே விடுவதில்லை. மாடிக்குப் போனேன். டிவி முன்னால் வரிசையாக வீல் சேர்கள். ஒவ்வொருவர் இடுப்பையும் பழைய துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். பாத்ரூமுக்கு எழுந்துவிடக் கூடாதென்று எல்லோருக்கும் டயப்பர். தானே போய்வரத் தெரிந்தவர்களுக்கும்தான்.

2. ஸ்டெல்லா டீச்சர்

மயிலாப்பூரில் தனியாக இருந்த கணக்கு டீச்சர். இடுப்பு ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்துத் தன் காலால் நடந்து வந்தவர். கொஞ்ச நாள் பிசியோதெரபி, பிறகு வீடு என்று பேச்சு. வீடோ இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. படி ஏற முடிந்தால்தான் வீடு. மாதக்கணக்கில் கட்டி உட்காரவைத்ததில் முட்டி இரண்டும் மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன.

“பாத்ரூம் போகணும்னா, ‘அதான் டயப்பர் இருக்கே’ன்றாங்க சிஸ்டர். எத்தன பசங்கள நிமிந்து நில்லுன்னு அதட்டியிருப்பேன். இப்ப என்னாலயே நிக்க முடியல.”

யார் கட்டியது என்று கேட்டேன். ஊரூர் குப்பத்திலிருந்து வரும் ஆயா மல்லிகா மழுப்பவில்லை.

“நான்தான் சிஸ்டர். இன்னா பண்றது? இத்தினி பேருக்கு நான் ஒருத்தி. யார்னா வுயுந்தா மேனேஜரு என்னத்தான் வேலையவுட்டு தூக்குவாரு. கட்டி வச்சா வுயமாட்டாங்கல்ல?”

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விழுந்தால் வேலை போகும் என்று மிரட்டிவைத்தால் எந்த ஆயா நடக்க விடுவாள்? நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

“இதுக்குப் பேரு குவாலிட்டியா சார்?”

“சேஃப்டி முக்கியம் சிஸ்டர். விழுந்து எலும்பு ஒடஞ்சா பிள்ளைங்க நம்ம சட்டையப் பிடிப்பாங்க.”

“நடந்து வந்த எங்கம்மா இப்ப ஏன் நடக்கலன்னு டீச்சர் பையன் கேட்டா?”

“வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க.”

எவ்வளவு சுலபமான பதில்! அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை அக்கிரமத்தையும் ஒளித்துவைக்கலாம். அன்றே துப்பட்டாக்களை அவிழ்க்கச் சொன்னேன். இன்னொரு ஆயா கேட்டேன், கத்தித்தான் வாங்கினேன். இனி விழுந்தவர்களோடு, பாத்ரூமுக்கு நடந்து போகிறவர்களையும் எண்ண வேண்டும் என்றேன். அடுத்த வாரமே ஒரு பெரியவர் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். பூஜ்யம் போச்சே என்று மேனேஜர் குதித்தார். பெரியவரோ மருந்து போட்டுக்கொண்டு மறுபடி நடக்கக் கிளம்பிவிட்டார்.

3. படி

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பிசியோதெரபி செய்தார். வாக்கர் பிடித்து பாத்ரூம் வரை போகும் அளவுக்குத் தேறினார். படி மட்டும் ஏற முடியவில்லை. இறுகிய முட்டி அதற்குமேல் நீளவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டைக் காலிசெய்தார். சில நாள் தங்க வந்த டீச்சர் நிரந்தரமாக இல்லத்திலேயே தங்க வேண்டியதாயிற்று.

அன்று டீச்சர் என்னிடம் சொன்னார்: “விழுந்திருந்தாக்கூட எழுந்திருப்பேன் சிஸ்டர். என்ன விழவே விடலியே.”

இந்த வேலைக்கு வரும் இளம் நர்ஸ்களுக்குச் சொல்கிறேன். ஓர் இல்லத்தை அளக்கப் போனால், வந்த அன்று உங்களால் என்னென்ன முடிந்தது, இன்று எது முடிகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். நல்ல பதில் கிடைக்காவிட்டால் நிர்வாகத்தோடு சண்டை போடுங்கள். நாள் கடத்தாதீர்கள். முட்டி காத்திருக்காது.