மருதாயி காத்த ஒன்பது செடிகள்

கல்லக்குடிப் பக்கம் சுண்ணாம்புப் பாறைகளில் ஆடு மேய்ப்பவர் மருதாயி. ஒரே ஒரு பாறை இடுக்கில் மட்டும் பூக்கும் ஊதாப் பூவை, வேறெங்கும் பார்த்ததில்லை என்பதற்காகவே, ஆடுகளை அண்டவிடாமல் இருபது வருஷம் காத்தவர். திருச்சியில் தாவரவியல் வாத்தியாராக இருக்கும் எனக்கு அதைக் காட்டியதும் அவர்தான்.

மொத்தம் ஒன்பது செடிகள். உலகத்துக்கே புதிய இனம் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சான்றுக்குக் காய்ந்த செடி ஒன்று போதும். நானோ ஊர் ஊராக ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பெயர் வாங்க ஆசைப்பட்டேன். மருதாயி காய்ச்சலில் கிடந்த வாரம் போய், விதை விழும் முன்பே ஒன்பதையும் வேரோடு பிடுங்கி, பழைய பேப்பர்களுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். பக்கத்துப் பாறைகளில் இல்லாமலா போகும் என்ற அலட்சியம். எங்குமே இல்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கட்டுரை வெளியானது. செடிக்கு அவர் பெயரையே வைத்திருந்தேன். இந்த ஐப்பசியில் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். மருதாயி தாளைத் தொடவில்லை. தலை குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். போன வருஷம் காய்ச்சல்ல கெடந்தப்ப ஆட்ட வேற ஆளுகிட்ட விட்டேன். மேஞ்சிருச்சு போல. இந்த வருஷம் ஒண்ணுகூட மொளைக்கல."

"பரவாயில்லைங்க" என்றேன்.

ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில் கட்டுரையைப் புரட்டினேன். இந்த இனத்தின் அழிவுக்குக் காரணம் என்ற இடத்தில் நானே எழுதியிருந்தேன்: ஆடு மேய்ச்சல்.