இரண்டு டேப் ரெக்கார்டருக்கு நடுவில்

அமெரிக்காவின் குபெர்டினோவில் மகன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்கா உண்டு. காலையில் அங்கே சீனத்துப் பெண்கள் கூடுவார்கள், எல்லாரும் என் வயதுக்காரர்கள். டேப் ரெக்கார்டரில் பாட்டைப் போட்டு, காற்றைத் தள்ளுகிறதுபோல மெதுவாகக் கைகால் அசைப்பார்கள். நானும் போய்ப் பின்வரிசையில் நின்றுகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. கேட்பதற்கு அவர்கள் பாஷையும் தெரியாது. மகனும் மருமகளும் காலையில் கார் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார்கள். அதுவரைக்கும் வீட்டில் நானும் ஃபிரிட்ஜும். மனித முகம் பார்ப்பது பூங்காவில்தான். அதை நான் விடுவதாக இல்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பெரிய தலைகள் இரண்டு பேர். ஒருத்தி பெய்ஜிங்கில் வாத்தியாராக இருந்தவள். யார் கை தாழ்ந்தாலும் வந்து தூக்கிவிடுவாள். இன்னொருத்தி தைவான்காரி; டேப் ரெக்கார்டர் அவளுடையது.

தைவானில் தேர்தல் நடந்த வருஷம் அது. ஒருநாள் வாத்தியாரம்மா தைவான் பேரை எடுத்து ஏதோ சொன்னாள். தைவான்காரி பாட்டைப் பாதியில் நிறுத்தி, டேப் ரெக்கார்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புல்வெளியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். பாதிப் பேர் அவள் பின்னால் போனார்கள். மறுநாள் வாத்தியாரம்மா அதைவிடப் பெரிய டேப் ரெக்கார்டரோடு வந்தாள். இரண்டு கோடியிலும் ஒரே பாட்டு. ஒன்று முன்னால் ஓடும், மற்றது பின்னால் வரும்.

வீட்டில் வந்து சொன்னேன். மகன் விளக்கினான்: தைவான் தன்னுடைய மண் என்கிறது சீனா, நாங்கள் தனி என்பவர்கள் தைவானில் பல பேர், இது எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பிருந்தே நடக்கிற வழக்காம்.

நான் ஒருநாள் இந்தக் கோடி, ஒருநாள் அந்தக் கோடி என்று வைத்துக்கொண்டேன். அப்போதுதான் உபசாரம் ஆரம்பித்தது. நான் கவுச்சி தொடமாட்டேன் என்பதை எப்படியோ தெரிந்துகொண்டு, வாத்தியாரம்மா கீரை வைத்த கொழுக்கட்டை கொண்டுவந்தாள். அடுத்த நாள் தைவான்காரி ஒரு டப்பா தேயிலை கொடுத்தாள். சீனர் அல்லாத ஆள் அங்கே நான் ஒருத்திதானே.

“குட்டி நாட்டுக்கெல்லாம் இதேதாம்மா,” என்றான் மகன். “சீனா, தைவான் ரெண்டுல ஒண்ணத்தான் நாடுன்னு ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா ரோடு போட்டுக் குடுப்பாங்க.”

“எனக்கு ரோடு எதுக்கு?”

“உனக்குத்தான் கொழுக்கட்டை வந்துருச்சே.”

“எனக்கும் புடிச்சிருக்குதுங்கத்தை,” என்றாள் மருமகள். “அந்த சைடே இருந்துக்குங்க.”

என்னைக் குட்டி நாடு என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தனியாக நின்று சம்பந்தம் பேசி முடித்தவள் நான்.

நான் இரண்டு பக்கமும் வாங்கித் தின்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஒருநாள் காலையில் இருவரும் பூங்கா வாசலிலேயே மறித்தார்கள்.

“யூ கம் மீ. நோ கோ ஹெர்,” என்றாள் வாத்தியாரம்மா.

தைவான்காரியும் அதையேதான் சொன்னாள், விரல் மட்டும் எதிர்ப்பக்கம் நீண்டது.

ஒரு பக்கம் போனால் பாதி முகங்கள் போய்விடும். போகாவிட்டால் ஃபிரிட்ஜ்தான். ஆனாலும் நான் எங்கே நிற்பது என்று என் வீட்டுக்காரரே சொன்னதில்லை. “மை லெக், மை விஷ்,” என்று சொல்லிவிட்டு நடுப்புல்லில் போய் நின்று, தனியாக ஆரம்பித்தேன்.

இரண்டு பாட்டும் காதில் விழுந்தன. கை ஒரு பாட்டுக்கும் கால் ஒரு பாட்டுக்கும் போயிற்று. ஒற்றைக் காலில் நிற்கிற இடத்தில் ஆடிப்போனேன். இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். ஒருத்தி இடது கையைப் பிடித்தாள், ஒருத்தி வலது கையை. ஒரே நேரத்தில் ஒரே அதட்டல் போட்டார்கள். அப்புறம் என் முழங்கை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று அவர்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டது. நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். மற்றவர்களும் வேடிக்கை பார்க்க இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டார்கள்.

அதன்பிறகு கூட்டம் நடுவிலேயே நடந்தது. தேர்தல் பேச்சு கிடையாது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது என் முழங்கையைப் பற்றி மட்டும்தான். நான் சரியாகச் செய்கிற அன்றைக்கு அதுவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள்.

அந்த ஒற்றைக்காலும் முழங்கையும் எனக்கு ஒரே மாதத்தில் நன்றாகப் படிந்துவிட்டன. அவர்களிடம் நான் அதைக் காட்டிக்கொள்வதில்லை.